குதிரை லத்திக்கு ஒரு பாராட்டு விழா

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்து, இன்னும் வெள்ளை மேலங்கியில் கறை படாத பிள்ளைகளுக்கு வணக்கம்.

உங்களுக்கு ஊக்கம் தருகிற மாதிரி என்னுடைய சேவைக்காலத்திலிருந்து ஒரு சம்பவம் எழுதித் தரும்படி துறையில் கேட்டிருக்கிறார்கள். நானும் நல்லாய் யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் கடைசியில் குதிரை லத்தியில் வந்துதான் நிற்கிறது. என் மனைவிக்கு இதில் அதிசயம் இல்லை. "கலியாணம் பேசேக்கை மாப்பிள்ளை கம்பஸிலை விரிவுரையாளர் எண்டுதான் சொன்னவை. சாணி பொறுக்கிற வேலை எண்டு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை" என்று அவ இன்றைக்கும் விருந்தினருக்கு முன்னால் சொல்லுவா. விருந்தினர் சிரிப்பார்கள். பிறகு என் கையால் நீட்டுகிற வடைத் தட்டைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் வழும்புப் பற்றீரியா என்கிற ஒரு வழுக்கல் கிருமி. நீங்கள் பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் பார்த்திருப்பீர்கள்; சோதனைக்கு வராது என்று தாண்டியிருப்பீர்கள். நானும் அப்படித் தாண்டினவன்தான், பிறகு வழுக்கி அதுக்குள்ளேயே விழுந்தேன். வாந்திபேதி தருகிற கிருமிக்கு உலகம் முழுக்கப் பெயர் இருக்கிறது. தயிர் உறைய வைக்கிற கிருமிக்குக் குசினியில் மரியாதை இருக்கிறது. இந்த வழும்புக் கூட்டத்துக்கு இரண்டும் இல்லை. மண்ணிலும், உக்கின மரப்பட்டையிலும், எல்லாவற்றையும் விட விருப்பமாக மிருகங்களின் சாணத்திலும் தன்பாட்டில் வழுக்கித் திரியும். கூட்டமாகப் போய் மற்றப் பற்றீரியாக்களைக் கரைத்துத் தின்னும். தின்ன ஒன்றும் இல்லை என்று ஆனால்தான் அதிசயம் நடக்கும். சிதறிக் கிடந்ததெல்லாம் ஓரிடத்துக்கு வந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, குண்டூசித் தலையை விடச் சின்னதாக ஒரு செம்மஞ்சள் கோபுரம் கட்டும். உச்சியில் இருப்பதுகள் விதை மாதிரியான வித்தியாக மாறி, நல்ல காலம் வரும்வரை நித்திரை கொள்ளும். தூணாக நின்றதுகள் செத்துப்போகும். பற்றீரியா உலகத்தில் கஷ்டகாலத்தில் சங்கம் கூட்டுகிற சனம் இவைதான்.

இவற்றை வகைப்படுத்தினவர்கள் பட்ட பாடு தனிக்கதை. முதலில் கண்டவர்கள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு, இது பங்கசு, பூஞ்சணம் என்று எழுதிவைத்தார்கள். பிறகு பற்றீரியாதான் என்று தெரிந்து, வேறொரு பெரிய கணத்துக்குள், அதாவது தொகுதிக்குள், ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அண்மையில் மரபணுவைப் படித்துப் பார்த்து, இல்லை, இவை ஒரு தனிக் கணம் என்று வெளியே எடுத்துவிட்டார்கள். நான் படிப்பிக்கத் தொடங்கியபோது வாடகை அறையில் இருந்ததுகள், ஓய்வு பெறும்போது சொந்த வீட்டில் இருந்தன. அந்தச் செய்தி எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. பழைய குறிப்பை வைத்துக்கொண்டு நான் வாடகை அறையை விளங்கப்படுத்திக்கொண்டிருந்த ஒரு நாள், முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "சேர், அவை வீடு மாறியிட்டினம்" என்றது.

அந்தப் பிள்ளைதான் தர்சினி. பட்டம் முடித்ததும் அவளை நானே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டேன். திறமை ஒரு காரணம். வெளியே விட்டால் இந்தக் கதையை இன்னும் எத்தனை பேருக்குச் சொல்லுவாளோ என்ற பயம் மற்றக் காரணம்.

அவள் கலாநிதிப் பட்டத்துக்குப் பதிந்த நேரம் சரியில்லை. நாட்டில் மின்சாரம் நின்று நின்று வந்த காலத்தில், சேர்த்துவைத்த மாதிரிகள் எல்லாம் குளிர்சாதனப் பெட்டியோடு சேர்ந்து செத்துப்போயின. மேலதிக காலம் கேட்டாள், கொடுத்தார்கள். அதுவும் போய், நான் சொல்லுகிற வருசம் அவளுக்குக் கடைசித் தவணை. அந்த வருச முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்ட பாடெல்லாம் கடலில் கரைத்த புளி. கையிலிருந்ததோ மெலிந்த ஆய்வேடு. அப்போதுதான் நான் என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆலோசனையைச் சொன்னேன். "பிள்ளை, ஒரு புது இனம் கண்டுபிடிச்சீர் எண்டால் ஒரு பரீட்சகரும் உம்மை அசைக்கேலாது." இப்படி வெற்றிலை பாக்கு வாங்கி வரச் சொல்லுகிற மாதிரிச் சொன்னேன்.

புது இனத்துக்குப் புதுச் சாணம் வேண்டும். ஆட்டுப் புழுக்கைக்கு என் ஊரான சுருவிலில் எங்கள் வளவே போதும். மாட்டுச் சாணிக்குப் பக்கத்து வேலணை முழுக்க இருக்கிறது. ஆனால் அதெல்லாம் ஏற்கனவே கிளறினது. கடல் தாண்டி நெடுந்தீவில் மட்டும், முன்பு ஆட்சி செய்ய வந்தவர்கள் விட்டுப்போன குதிரைகள், எசமான் இல்லாமல், கடற்கரைப் புல்வெளியில் தன்பாட்டில் பெருகித் திரிகின்றன. அவற்றின் லத்தியை எங்களுக்குத் தெரிந்து ஒருவரும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கவில்லை. ஒரு விஞ்ஞானிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

குறிகட்டுவான் துறையில் படகேறிப் போய், ஊர்ச் சங்கத் தலைவரின் வீட்டில் தங்கினோம். கூட்டுறவுக் கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். எல்லாரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவருடைய மனைவியும்கூட. நாங்கள் நாளெல்லாம் வெயிலில் குதிரைகளுக்குப் பின்னால் நடந்தோம். குதிரையை நம்பி நிற்க ஏலாது, பிள்ளைகளே. எதிர்பார்த்துக்கொண்டு நின்றால் போடாது. சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்தால் போடும்.

லத்தியை ஈரமான வடிதாளில் வைத்து, மூடி, பொறுமையாக இருக்க வேண்டும். மிச்ச விபரம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது எறும்பு. முதல் வைத்த கிண்ணங்களை எறும்பு கொண்டுபோய்விட்டது. அந்த வீட்டில் எறும்பு ஏற முடியாத இடம் ஒன்றே ஒன்று: குசினியில், நாலு கால்களும் தண்ணீர் நிரப்பின தகர ரின்களுக்குள் நிற்கிற சாப்பாட்டு அலுமாரி. லத்திக் கிண்ணங்களை அதற்குள் வைக்கலாமா என்று தலைவரின் மனைவியிடம் கேட்டேன். அவ, "கீழ்த்தட்டிலை வையுங்கோ. மிளகாய்த்தூளுக்கு மேலை மட்டும் வராதேங்கோ" என்றா. இவ்வளவு தெளிவான ஆய்வுகூட விதியை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கேட்டதில்லை.

ஒரு காலை, நான் நண்டுக்கறியோடு புட்டுத் தின்றுகொண்டிருக்கும்போது குசினிக்குள் தர்சினி சத்தமே போடாமல் நின்றாள். அவள் சத்தம் போடாமல் நின்றால் விசயம் பெரிது. போய்ப் பார்த்தேன். நாங்கள் கொண்டுபோன உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே ஒரு செம்மஞ்சள் கோபுரம். பருத்த அடி, குட்டையான கிளைகள், கிளை நுனிகளில் உருண்டைகள். நான் பார்த்த ஒன்றோடும் ஒத்துவரவில்லை. எனக்குப் பின்னால் தலைவரும் எட்டிப் பார்த்தார்.

"இது எங்கடை பெருக்கமரமெல்லோ" என்றார்.

நெடுந்தீவுக்கு வருகிறவர்கள் எல்லாம் முன்னால் நின்று படம் பிடிக்கிற அந்தப் பெரிய மரம்தான். சும்மா சொல்லக்கூடாது, அதே வடிவு. தலைவர் கைத்தொலைபேசியைக் கண்ணாடியில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, இது புதுசோ என்று கேட்டார். என் வாய்க்குள் நண்டுக்கால். "புதுசாயிருக்கலாம்" என்றேன். சாப்பாடு தந்த வீட்டில், அதுவும் அப்படி ஒரு நண்டுக்கறிக்குப் பிறகு, தெரியாது என்று சொல்ல எந்த மனிசனுக்கு வாய் வரும்.

நான் கைகழுவி வருவதற்குள் படம் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

தலைவரை நான் குறை சொல்லமாட்டேன். அன்று பின்னேரம் அவர் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சேர், வெளியிலையிருந்து வாற எங்கடை ஆக்கள் குதிரையோடை ஒரு படம், மரத்தோடை ஒரு படம் எடுத்துக்கொண்டு பின்னேரப் படகிலை திரும்பீடுவினம். ஊரிலை என்ன புதுசு எண்டு கேட்டால் சொல்ல எங்களிட்டை ஒண்டுமில்லை. இப்ப இருக்கு." இந்த மனிசனிடம் போய், அண்ணை, இருக்கலாம் என்றுதான் சொன்னேன், இருக்கு என்று சொல்லவில்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது? நான் விளங்கப்படுத்தவில்லை.

அடுத்த கிழமை சங்கக் கூட்டத்துக்கு என்னை நிபுணராக அழைத்தார்கள். பற்றீரியா எந்தப் பகுதிக்குச் சொந்தம் என்பது பிரச்சினை. லத்தி கிடந்தது தீவின் மேற்கில். ஆனால் அந்தக் குதிரை முதல்நாள் மத்தியில் மேய்ந்ததைக் கண்ட ஆட்கள் இருந்தார்கள். தண்ணீர் குடித்தது தங்கள் கேணியில் என்று கிழக்கார் எழும்பினார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வகைப்பாட்டியலில் எனக்குள்ள அறிவையெல்லாம் திரட்டி, தின்ற இடமும் குடித்த இடமும் கணக்கில்லை, போட்ட இடம்தான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னேன். மேற்கார் கைதட்டினார்கள். என் விரிவுரைகளில் எனக்குக் கிடைக்காத கைதட்டல்.

பெயர் விசயத்திலும் கொஞ்சம் தடங்கல். ஒருவர் எழும்பி, தீவின் ஆங்கிலப் பெயரான டெல்ஃப்டை லத்தீனாக்கி வைக்கலாம் என்றார். நான், அது சரிவராது, அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு பற்றீரியாப் பேரினம் இருக்கிறது, அது ஒல்லாந்தில் உள்ள டெல்ஃப்ட் நகரத்தின் பெயர் என்றேன். கூட்டம் கொதித்துவிட்டது. ஒல்லாந்தர் வந்து இருந்ததும் போதாமல் கிருமியின் பெயரையும் கொண்டுபோய்விட்டார்களா என்று ஒருவர் கேட்டார். அவர்கள்தான் தங்கள் நகரத்தின் பெயரை எங்கள் தீவுக்கு வைத்தவர்கள் என்று தர்சினி மெதுவாகச் சொன்னாள். அதை ஒருவரும் சமாதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நெடுந்தீவு என்றே லத்தீன் வாலோடு வைப்பதாக ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

இதற்கிடையில் தர்சினி செய்ய வேண்டியதைச் செய்தாள். கிருமியைச் சுத்தமாகப் பிரித்து வளர்த்து, முழு மரபணுவையும் வாசித்து ஒப்பிடுவதற்குக் கொழும்புக்கு அனுப்பினாள். முடிவு வரும்வரை பொறுங்கோ என்று நான் தலைவருக்குப் போன் எடுத்தேன். அவர், பொறுக்கலாம்தான், ஆனால் பாராட்டு விழாவுக்குப் பிரதம விருந்தினராக வருகிற ரொறன்ரோ அண்ணைக்கு லீவு ஆவணியில்தான் என்றார். ஊரிலுள்ளவர்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. கோயில் திருவிழா, கலியாணம், நாற்பத்தைந்தாம் நாள் காரியம் எல்லாமே வெளிநாட்டு லீவைப் பார்த்து வைக்கிற ஊரில், ஒரு பற்றீரியாவுக்கு மட்டும் என்ன தனிச்சட்டம்? "முடிவு வரும்தானே சேர். வந்தாப்போலை சரி" என்று வைத்துவிட்டார்.

வந்தது. எப்போது வந்தது என்றால், விழாவன்று, நானும் தர்சினியும் படகில் பாதித் தூரம் போன பிறகு. நயினாதீவு ஒரு பக்கத்தால் நழுவிக்கொண்டிருந்தது. சிக்னல் வந்து அவளுடைய போன் ஒருமுறை குலுங்கியது. சோழகக் காற்றில் படகு நிமிர்ந்து விழுந்துகொண்டிருந்தது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் வாசித்தாள்.

"புதுசில்லை, சேர்" என்றாள்.

எங்களுடையதும், ஒரு குளிர்நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பின்னால் இருந்த புல்தரையில் முயல் புழுக்கையிலிருந்து எடுத்து ஏற்கனவே பெயர் வைத்ததும் ஒரே இனம். கிளை வடிவு மட்டும் நாங்கள் வளர்த்த முறையால் வந்த வித்தியாசமாம். கொஞ்சமாவது வேறுபாடு இல்லையா என்று கேட்டேன். "எனக்கும் என்ரை தங்கச்சிக்கும் உள்ள வேறுபாடு கூட இல்லை."

நெருக்கடி நேரத்தில் நல்ல முடிவெடுப்பது எப்படி என்று இந்த இடத்தில் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், மேடையில் "புதிதாக இருக்கக்கூடிய சாத்தியம் உண்டு" என்று ஒரு மாதிரிச் சொல்லிவிட்டு, வெளிநாட்டுக்காரர் போனபிறகு ஆறுதலாக ஊருக்கு உண்மையைச் சொல்லுவோம் என்று திட்டம் போட்டேன். தலைவரின் முகம் எனக்கு முன்னால் வந்து வந்து போனது. அதோடு, புது இனம் என்று பேப்பரில் வந்தால் பரீட்சகர்கள் கொஞ்சம் இளகுவார்கள் என்ற ஒரு சின்ன நப்பாசையும் இருந்தது. அதையும் வாய்விட்டே சொன்னேன்.

தர்சினி என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சேர், நான் இந்த வருசம் குடுக்கப் போறது ஒரேயொரு புத்தகம். அதிலை ஒரு பொய் இருந்தால் மிச்சத்தை ஆர் நம்புவினம்?" பிறகு, "அதோடை படகுக்குள்ளை வைச்சுத் திட்டம் போடாதேங்கோ. எனக்கு ஏற்கனவே தலைசுத்திச் சத்தி வருது" என்றாள்.

இறங்குதுறையிலிருந்தே மேளம். பந்தலுக்கு முன்னால் பெரிய பனர். அதில் போடக் கொடுத்த பற்றீரியாப் படம் தெளிவில்லை என்று, பனர் அடித்த கடைக்காரர் இணையத்திலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டிருந்தார். உலகத்தையே இரண்டு வருசம் வீட்டுக்குள் பூட்டிவைத்த அந்த முள்ளுருண்டை வைரசு. அதற்குக் கீழே "எமது மண்ணின் மைந்தனே, வருக". சனம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் முகமூடி இல்லாமல் நின்று சந்தோசமாகப் படம் பிடித்தது.

குதிரையையும் கௌரவிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த லத்தியைப் போட்ட குதிரை எது என்று எனக்கே தெரியாது. கிட்ட வந்த ஒன்றுக்கு எட்டி மாலையைப் போட்டிருக்கிறார்கள். அது மாலையில் பாதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தோடு புல்வெளிக்கு ஓடிவிட்டது. விழா நிகழ்ச்சிகளில் எல்லாருக்கும் விளங்கின ஒரே நிகழ்ச்சி அதுதான்.

நான் தலைவரை ஒரு பக்கமாக இழுத்துச் சொல்லப் பார்த்தேன். "எல்லாம் பிறகு கதைப்பம் சேர், முதல் மேலை ஏறுங்கோ" என்று என்னைத் தள்ளிவிட்டார். மேலே ஏறினதும் பொன்னாடை, மாலை, இன்னொரு மாலை. வரவேற்புரையில் என்னை உலகப் புகழ் பெற்றவர் என்றார்கள். பிறகு ஒலிபெருக்கியை என் கையில் தந்தார்கள்.

நெருக்கடியில் மூளை வேகமாக வேலை செய்யும் என்பார்கள். என்னுடையதும் செய்தது, ஆனால் தப்பி ஓடுகிற வழிகளை மட்டும்தான் தேடியது. மயங்கி விழலாமா என்று பார்த்தேன். எனக்குச் சீனி வருத்தம் இருப்பது எல்லாருக்கும் தெரியும், நம்புவார்கள். கீழே பார்த்தேன், மேடைப் பலகையில் ஆணிகள் நிமிர்ந்து நின்றன. அந்த யோசனை போய்விட்டது. முன்வரிசையில் தர்சினி கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாள். வகுப்பில் கையை உயர்த்துவதற்கு முன் எப்படி இருப்பாளோ அதே இருப்பு. நான் சொல்லாவிட்டால் இவள் எழும்பிச் சொல்லுவாள் என்று விளங்கிவிட்டது. ஆகவே, பிள்ளைகளே, நான் உண்மையைச் சொன்னது நேர்மையால் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முந்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

இது புது இனம் இல்லை என்றேன். குளிர்நாட்டில் முயல் புழுக்கையிலிருந்து ஏற்கனவே எடுத்துப் பெயர் வைத்துவிட்டார்கள் என்றேன். இன்றைக்குக் காலமைதான் தெரியவந்தது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்றேன்.

மேளக்காரர்கூடத் தவிலில் இருந்த கையை எடுத்துவிட்டார். "முயலோ?" என்று பின்னுக்கிருந்து ஒரு குரல் வந்தது, அவ்வளவு கேவலமாக. தலைவர் கதிரையில் அசையாமல் இருந்தார். மூன்று நாட்டுக்குச் சொல்லிவிட்ட மனிசன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்தார். அந்த நேரம் எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

அப்போது ரொறன்ரோ அண்ணை எழும்பினார். எழுபது தாண்டின, மெலிந்த மனிசன். வேட்டிக்குக் கீழே பளிச்சென்ற வெள்ளைச் சப்பாத்து. இன்னொரு ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"சேர், அந்த மற்றதை அங்கை முதலே பதிஞ்சிட்டினமோ?"

"ஓம், அண்ணை."

"எங்கடை இது பதியேல்லை."

"ரண்டும் ஒண்டுதான் அண்ணை. ஒருக்காப் பதிஞ்சால் காணும்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சனத்தின் பக்கம் திரும்பினார். "என்ரை மூண்டு பிள்ளையளையும் அங்கைதான் பதிஞ்சது. அதுக்காக அதுகள் நெடுந்தீவு இல்லையெண்டு ஆரும் சொல்லட்டும் பாப்பம்."

பந்தல் கூரை எழும்பின மாதிரிக் கைதட்டல். தலைவர் கதிரையிலிருந்து பத்து வயது குறைந்து எழும்பினார். என் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பறித்து, எங்கள் பற்றீரியாவுக்கும் வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கிறார்கள், இங்கேயிருந்து போய் அங்கே நல்ல நிலைமைக்கு வந்திருக்கிறார்கள் என்று முழங்கினார். ஒரு நிமிசத்துக்கு முன்னால் கேவலமாக இருந்த முயல் இப்போது சம்பந்தி வீட்டு ஆள். புது இனமாக இருந்ததை விட, வெளிநாட்டில் பேர் பதிந்த இனம் என்பதில் ஊருக்கு மதிப்புக் கூடிவிட்டது.

எனக்குப் போன உயிர் வந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று கதிரையைத் தேடினேன். தர்சினி விடவில்லை. மேடைக்கு ஏறி, இங்கிருந்து போனது என்றும் சொல்லேலாது, அதற்கும் ஆதாரம் இல்லை என்று சொல்லத் தொடங்கினாள். அதற்குள் தலைவர் கையைக் காட்ட மேளம் எழும்பிவிட்டது. அவளுடைய வாய் அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பிள்ளை நன்றியுரை சொல்லுகிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அடுத்த நாள் பேப்பரில் வந்தது. "நெடுந்தீவுப் பற்றீரியா கனடாவில் சாதனை." பக்கத்தில் மாலையோடு என்னுடைய முகம், கீழே தகவல் தந்தவராகத் தர்சினியின் பெயர்.

உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, மாரி கழிந்து வாய்மொழிப் பரீட்சை வரும்வரை. தர்சினி தவணை முடிவதற்குச் சற்று முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். புது இனம் இல்லை. தீவின் லத்தியில் இருந்த வழும்புப் பற்றீரியாக்கள் எவை எவை, ஒவ்வொன்றும் எந்தக் குடும்பம் என்ற நேர்மையான, மெலிந்த ஆய்வேடு. வெளியிலிருந்து வந்த பரீட்சகர் சிரிக்காத மனிசன் என்று பேர் எடுத்தவர். மேசையில் ஆய்வேட்டை வைத்தார். அதன் மேல், மடித்த அந்தப் பேப்பரை வைத்தார். மேற்பார்வையாளரான நான் அறைக்குள் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியைச் செய்தவர் என்னை நன்றாக அறிந்த ஆளாயிருக்க வேண்டும்.

"உம்மடை ஆய்வேட்டிலை ஒண்டு இருக்கு. பேப்பரிலை இன்னொண்டு இருக்கு" என்றார் பரீட்சகர். "இந்த உயிரி எங்கையிருந்து எங்கை போனது?"

பேப்பரில் வந்தது அவள் சொன்னதுதான் என்று அவர் முடிவெடுத்தால், ஆய்வேட்டை மூடிவிட்டு எழும்பிப் போகலாம். கேட்க ஆளில்லை, திருப்பிக் கொடுக்கத் தவணையும் இல்லை.

தர்சினி தண்ணீர்க் கிளாசைத் தள்ளிவைத்தாள். "தெரியாது, சேர்" என்றாள். "போனதோ வந்ததோ, ரண்டு இடத்திலையும் எப்பவும் இருந்ததோ, சொல்ல என்னட்டை ஒண்டுமில்லை. குளிர்நாட்டு முயலிலை இருக்கெண்டு வேறை ஆக்கள் காட்டியிருக்கினம். இங்கையும் இருக்கு. நான் காட்டினது அவ்வளவுதான்."

அவர் மடித்த பேப்பரை விரித்துப் பார்த்தார். "அப்ப பேப்பருக்குத் திருத்தம் அனுப்பேல்லையோ?"

"அனுப்பினனான் சேர். போட்டவை." அவள் கிளாசைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள். "அதிலை முயலையும் நெடுந்தீவு எண்டு போட்டிட்டினம்."

பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். தோள்கள் குலுங்கியபோதுதான் மனிசன் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கியது. சத்தமில்லாத சிரிப்பு, பழக்கமில்லாத ஆள் பாவம். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேப்பரை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, ஆய்வேட்டின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

"சரி பிள்ளை" என்றார். "இனி லத்தியைப் பற்றிக் கதைப்பம்."

அந்த வசனத்தைக் கேட்டுக் கண் கலங்கின மனிதன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.